தேரோட்டம் இல்லாத கேசட்

1

நான் டொராண்டோவுக்கு வந்து ஆறு வருஷம் முடிந்த அன்று பிரமு பாயசம் வைத்தாள். பிரமு என் மனைவி, ஸ்ரீவைகுண்டத்துக்காரி. விமானம் ஏறிய நாளைக் கொண்டாடுவதா, துக்கம் விசாரிப்பதா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அதனால் பாயசம் உண்டு, வடை கிடையாது.

பாயசத்தோடு உட்கார்ந்து தபாலைப் பிரித்தால் சுங்க இலாகாவிலிருந்து ஒரு காகிதம். இந்தியாவிலிருந்து என் பெயருக்கு வந்த பார்சல் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பொருள், வீடியோ கேசட் ஒன்று. அதில் என்ன இருக்கிறது, எதற்காக வரவழைத்தேன் என்று நேரில் வந்து விளக்க வேண்டுமாம். விளக்கத்தை முன்கூட்டி எழுதிக்கொண்டு வருவதற்காகப் பின்பக்கம் நான்கு கோடு போட்டிருந்தார்கள்.

நான்கு கோட்டில் எதை எழுதுவது? அந்தக் கேசட்டுக்குள் என் சிநேகிதன் சங்கரலிங்கம் இருக்கிறான். அவன் என்னோடு பேச்சை நிறுத்திப் பத்து மாதமாகிறது. தப்பு என் பேரில்தான். அந்தப் படத்தில் அவனை நான் கண்ணால் பார்த்த பிறகுதான் அவனிடம் பேச எனக்கு வாய் வரும். பார்க்காமலே 'நன்றாக இருந்தது' என்று எழுதிவிடலாமே என்று பிரமு சொன்னாள். மற்ற விஷயங்களில் எப்படியோ, சினிமா விஷயத்தில் நானும் அவனும் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதே இல்லை.

அந்த அதிகாரிக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதிவிடுகிறேன். உங்களுக்கென்றால் கலர் என்றால் என்ன, ஆனித் தேரோட்டம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

2

நானும் சங்கரலிங்கமும் சேரன்மகாதேவி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. என் பெயர் குற்றாலம், ஊர் வாயில் குத்தாலம். பிற்பாடு நான் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனேன், அவன் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா ஆனான். இதெல்லாம் வீட்டுக்காகப் பார்த்த உத்தியோகம். எங்கள் உண்மையான உத்தியோகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்தது.

அந்த உத்தியோகத்தில் ஒரே ஒரு சங்கடம், ரயில். படம் முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே செங்கோட்டை பாசஞ்சர் கிளம்பிவிடும். கதாநாயகன் வில்லனின் சட்டைக் காலரைப் பிடிக்கிற நேரத்தில் நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். இப்படி முடிவு தெரியாமல் ஓடிவந்த படங்கள் ஏராளம். அதற்காக நாங்கள் வருத்தப்பட்டதில்லை. வண்டி பேட்டை தாண்டுவதற்குள் முடிவை நாங்களே செய்துகொள்வோம். என் முடிவில் கெட்டவர்கள் ஜெயிலுக்குப் போவார்கள், அவன் முடிவில் கெட்டவர்கள் உட்பட எல்லாருக்கும் கல்யாணம் ஆகும். பிறகு உண்மையான முடிவைக் கேள்விப்படும்போது எங்களுடையதே தேவலாம் என்றுதான் தோன்றும்.

படத்தைத் தரம் பிரிக்க எங்களிடம் நட்சத்திரக் குறியெல்லாம் கிடையாது. கலர்தான் அளவுகோல். இடைவேளைக்கு முன்பே எழுந்து போய் ஒரு கலர் குடிக்கலாம் என்று தோன்றினால் அந்தப் படம் தேறாது. இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் பாட்டிலோடு வெளியே நின்றால் சுமார். பாதிக் கலரை வைத்துவிட்டு உள்ளே ஓடினால் முதல் தரம். இதைவிட நாணயமான விமர்சன முறையை நான் இன்றுவரை எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை.

படத்தில் வரும் அம்மா முதல் காட்சியில் இருமினால் இடைவேளை தாண்டமாட்டாள் என்பதைக் கண்டுபிடித்தவன் நான். நீதிமன்றக் காட்சி வந்தால் சங்கரலிங்கத்துக்குக் கோபம் வந்துவிடும். "எங்க சங்கத்துக் கேசுல ஒரு வாய்தா வாங்க ஆறு மாசம் ஆவுதுலே. இங்கன அழுது முடிக்கங்குள்ள தீர்ப்புச் சொல்லுதான்" என்று உரக்கச் சொல்வான். முன் வரிசையிலிருந்து "படத்தப் பாக்க விடும்வே" என்று குரல் வரும். இரட்டை வேடப் படங்களில் ஒட்டு மீசையை வைத்தே அண்ணன் யார், தம்பி யார் என்று சொல்லிவிடுவோம். கண் தெரியாத தங்கைக்குக் கண் வந்ததும் அவள் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒரு மாதம் சண்டை நடந்தது.

3

இந்த ஊர்ப் படங்களைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இங்கே இடைவேளை கிடையாது. நான் பார்த்த முதல் படத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் என் கால்கள் தாமாக எழுந்துகொண்டன. திரையில் கதாநாயகி அழுதுகொண்டிருக்கிறாள், நான் பத்துப் பேர் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே போகிறேன். வெளியே ஈ, காக்காய் இல்லை. திரும்பி வந்தபோது அவள் கல்யாணம் முடிந்து குழந்தையோடு இருந்தாள். இடைவேளை இல்லையென்றால் கதை எந்த இடத்தில் திரும்புகிறது என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, கதாநாயகன் அறிமுகமாகும்போது யாரும் கைதட்டுவதில்லை. நான் தட்டினேன். பிரமு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முன்னால் இருந்த கிழவர் திரும்பி, உனக்கு அவரைத் தெரியுமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

தொலைக்காட்சி இன்னும் மோசம். ஒரு சோபா, அதில் நாலு பேர். யாராவது வாயைத் திறந்தால் பின்னாலிருந்து ஒரு கூட்டம் சிரிக்கிறது. ஊரில் சிரிப்பை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோவோம், இங்கே அதையும் அவர்களே போட்டுத் தந்துவிடுகிறார்கள். மத்தியானத் தொடர் ஒன்றில் ஒருவன் இரண்டு தடவை செத்து, இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டான். பிரமுவுக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனாலும் கரண்டியும் கையுமாக நின்று, "ஏ பிள்ள, அவன நம்பாத, அவன் முழியே சரியில்ல" என்று அந்த வெள்ளைக்காரப் பெண்ணை எச்சரித்துக்கொண்டிருப்பாள். அவள் சொன்னதுதான் கடைசியில் நடக்கும்.

நம் ஊர்த் தொலைக்காட்சியில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு அட்டை காட்டுவார்களே, அதுதான். என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் வருத்தம் தெரிவித்ததில்லை. வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சியின் நடுவில் அதைக் காட்டும்போது மட்டும் அந்த மரியாதை எங்களுக்கு உறைக்காது.

பனியில் மெல்லிய சேலை கட்டி ஆடும் கதாநாயகிகளைப் பற்றி முன்பு எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. இங்கே ஒரு ஜனவரி மாதத்தைக் கழித்த பிறகு அவர்களுக்கு வீர விருது கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பக்கத்தில் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஆடும் கதாநாயகன்மேல் எனக்கிருந்த மதிப்புப் போய்விட்டது.

என் மகள் காந்திமதிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கேண்டி ஆக்கிவிட்டார்கள். தமிழ்ப் படம் போட்டால் ரிமோட்டோடு உட்காருவாள், பாட்டு வந்தால் ஓட்டிவிடுவாள். ஒருநாள், "அப்பா, இவங்க பாட்டுல அஞ்சு தடவை டிரெஸ் மாத்துறாங்க. சூட்கேஸ யார் தூக்கிட்டு வர்றா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் படம் பார்த்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. சங்கரலிங்கத்துக்கு எழுதிக் கேட்டேன். தோழிகளாக வருகிறவர்கள் தூக்கி வருவார்கள், அதனால்தான் பாட்டு முடிந்ததும் அவர்களைக் காணோம் என்று பதில் போட்டான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

4

இப்படிக் கடிதம் எழுதிக்கொள்வது நான் இங்கே வந்த முதல் மாதத்திலேயே ஆரம்பித்தது. நான் பார்த்த படங்களைப் பற்றி விலாவாரியாக எழுதுவேன். அவன் கடிதத்தைப் பிரிக்காமல் முத்தையா அண்ணாச்சியின் டீக்கடைக்குக் கொண்டுபோய், ஆட்கள் சேர்ந்த பிறகு அங்கே வைத்துத்தான் பிரிப்பான். அவனும் அப்போதுதான் முதல்முதலாகப் படிப்பான், உரக்கப் படிப்பான். முன்கூட்டிப் படித்துவிட்டால் அது கூட்டத்துக்குச் செய்கிற துரோகம் என்பது அவன் கட்சி. என் கடிதம் வருகிற நாளை அவர்கள் ரிலீஸ் என்பார்கள்.

போன வருஷம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாக வந்த அண்ணன் தம்பிப் படம் ஒன்றைச் சொல்லி, "ஏலே குத்தாலம், இந்தப் படத்த எப்படியாச்சும் பாத்துரு. பைய பாரு, ஓட்டிராத. மொதப் பாதிய நல்லாப் பாரு. பாத்த கையோட எழுது. நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று எழுதியிருந்தான். அந்த 'எல்லாரும்' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பரா அண்ணனின் பலசரக்குக் கடையில் கேசட் கிடைத்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரிசி மூட்டைக்கு மேலே படக் கேசட்டுகளை அடுக்கி வைத்திருப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தேர் வருகிறது என்று யாரோ சொல்கிறார்கள், அடுத்த நிமிஷம் அண்ணனும் தம்பியும் ஜென்ம விரோதிகள். ஏன் விரோதம்? எவனும் சொல்லவில்லை. இந்த ஊர்ப் படங்களை ஐந்து வருஷமாகப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. உட்கார்ந்து எழுதினேன். பாதிப் படத்தை வெட்டித் தாமிரபரணியில் விட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதினேன். முதல் பாதியில் பார்க்கிற மாதிரி ஒரு முகம்கூட இல்லை என்று எழுதினேன். நல்ல வரி என்று எனக்கே தோன்றி, அதன் கீழே கோடு வேறு போட்டேன்.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாளையங்கோட்டையிலிருந்து என் அக்காதான் எழுதினாள்.

"தம்பி, நீ என்னத்த எழுதித் தொலைச்ச? சங்கரலிங்கம் அந்தப் படத்துல வாரான்லா. ஆனித் தேரோட்டத்துல படம் புடிச்சப்போ கூட்டத்தோட நின்னான். ஊரே போய்ப் பாத்துச்சு. நீயாக் கண்டுபிடிக்கணும்னு எங்க எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிட்டான். ஒன் லெட்டரு வந்ததும் டீக்கடையில எப்பவும் வாரதவிட ரெட்டிப்புக் கூட்டம். சத்தமாப் படிச்சுக்கிட்டே வந்தவன் 'பாக்கிற மாதிரி ஒரு முகம்கூட இல்ல'ங்கிற எடத்துல நிறுத்திட்டானாம். அதுக்கு மேல படிக்கல. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, டீயக்கூடக் குடிக்காமப் போயிட்டானாம்."

அவன் குரல் எந்த இடத்தில் இறங்கியிருக்கும் என்று எனக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. பிரமு கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சங்கரலிங்கம் கட்சிக்குப் போய்விட்டாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

5

ஓடிப்போய்க் கேசட்டை மறுபடி போட்டேன். ஆனித் தேரோட்டமே அதில் இல்லை. பரா அண்ணனிடம் கொண்டுபோய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"தம்பி, கேசட் ரெண்டு மணித்தியாலம். படம் ரெண்டே முக்கால். நான் என்ன செய்யிறது? சண்டையை வெட்டினால் பெடியள் கோவிப்பாங்கள். பாட்டை வெட்டினால் பொம்பிளையள் கடைக்கே வரமாட்டினம். தேர் ஓடுறதை வெட்டினால் ஆர் கேக்கப்போகினம்? நீங்கள்தான் முதல் ஆள்."

நடந்ததை எல்லாம் சங்கரலிங்கத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அவன் டீக்கடையில் சொன்னதை மட்டும் அக்கா அனுப்பிவைத்தாள். "தேரக் காணலியாம்லா! நெல்லையப்பர் தேரு என்ன, சட்டப் பையில போட்டுக்கிட்டுப் போற சாமானா? நம்புத மாதிரி ஒரு பொய் சொல்லச் சொல்லுங்க." அந்தத் தேரின் உயரத்தை அறிந்த யாரும் அவன் பக்கம்தான் பேசுவார்கள். என் கேஸில் நானே நீதிபதியாக இருந்தாலும் எனக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

அக்காவிடம் முழுப் படத்தையும் கேசட்டில் பிடித்து அனுப்பச் சொன்னேன். அதைத்தான் சுங்க இலாகாவில் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு மறுநாள் அங்கே போனேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் விசாரித்தாள். பயத்தில் எனக்கு இங்கிலீஷ் எல்லாம் பின்பக்கமாக வந்தது. "என் சிநேகிதன் உள்ளே இருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எந்த ஜெயிலில் என்று கேட்டாள். ஜெயிலில் இல்லை, கேசட்டில் என்றேன். நடிகரா? இல்லை, கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா. எவ்வளவு நேரம் வருகிறார்? அது தெரியாமல்தான் வரவழைத்திருக்கிறேன். கதை முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்துவிட்டார்கள். அவள் முத்திரை குத்திக் கேசட்டைக் கையில் கொடுத்தாள். "அவர் உன்னை மன்னித்துவிட்டால் எனக்குத் தெரிவி" என்றாள். இதற்கு மட்டும் ஃபாரம் கிடையாது போலிருக்கிறது.

வீட்டில் போட்டால் திரையில் வெறும் கோடு ஓடுகிறது. அந்த நாட்டுக் கேசட் முறை வேறாம், இந்த நாட்டுப் பெட்டி முறை வேறாம். எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடுகிற பெட்டி எனக்குத் தெரிந்து ஒருவரிடம்தான் இருந்தது. அதை வைத்துத்தான் அவர் வெட்டினார்.

சனிக்கிழமை காலை பரா அண்ணன் கடையின் பின்னறையில் நானும், பிரமுவும், காந்திமதியும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தோம். பரா அண்ணன் நின்றுகொண்டே பார்த்தார். ஓட்டாமல் பார்த்தோம். காந்திமதிகூடப் பாட்டை ஓட்டச் சொல்லவில்லை.

தேர் வந்தது. ரதவீதி நிறைய ஜனம். வேட்டி, துண்டு, வெற்று மார்பு, விபூதி. கண்ணை அகல விரித்துக்கொண்டு தேடுகிறேன், அவனைக் காணவில்லை. அண்ணனும் தம்பியும் வடத்தைப் பிடிக்கும்போது யார் முதலில் பிடிப்பது என்று தகராறு வருகிறது. அவர்கள் விரோதத்துக்குக் காரணம் இதுதானா! சே, இது நல்ல படமாயிற்றே என்று எனக்குள் ஒரு குரல் சொல்கிறது.

"அப்பா, அந்த மாமா ஏன் விண்டர் ஷர்ட் போட்டிருக்காரு?" என்றாள் காந்திமதி.

பரா அண்ணன் படத்தை நிறுத்தினார். நடுக்கூட்டத்தில், சிவப்புக் கட்டம் போட்ட கனத்த பிளானல் சட்டையில், கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு சங்கரலிங்கம் நிற்கிறான். மூன்று வருஷம் முன்னால் ஊருக்குப் போனபோது நான் கொடுத்த சட்டை. அந்தச் சட்டையை ஆனி மாதம் போட்டால் ஆள் அவிந்துபோவான். அவன் முகத்தில் வேர்வை வழிகிறது. நாலு விநாடி இருப்பான், அவ்வளவுதான். அதில் கடைசி விநாடி அவன் தேரை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பி எங்களைப் பார்க்கிறான். நான் அழுதுவிட்டேன். பிரமு எனக்கு முன்பே ஆரம்பித்திருந்தாள்.

பரா அண்ணன் அந்த இடத்தைப் பதினோரு தடவை திருப்பித் திருப்பிப் போட்டார். பிறகு, "தம்பி, இந்தாள் நிக்கிறார் எண்டு தெரிஞ்சிருந்தால் நான் கதாநாயகியை வெட்டியிருப்பன்" என்றார்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை, அதாவது ஊரில் சாயங்காலம், டீக்கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். முத்தையா அண்ணாச்சிதான் வந்து எடுத்தார். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கத்துவது கேட்டது.

"ஏ சங்கரலிங்கம், குத்தாலம் பேசுதான்!"

"எனக்கு அங்கன யாரையும் தெரியாது, அண்ணாச்சி."

"தெரியாட்டா வந்து தெரிஞ்சுக்கிடும்வே. எந்திரியும்."

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டார்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு யாரோ மூச்சு விடுவது கேட்டது. அவன்தான். ஹலோ சொல்ல மாட்டேன் என்று நிற்கிறான்.

"ஏலே, பாத்துட்டேன்" என்றேன்.

"எத?"

"ஒன்னத்தான். பதினோரு தடவ."

"தேரு கெடச்சிட்டாக்கும்."

"கெடச்சிட்டு. நான் எழுதுனது தப்புலே. பாக்காமப் பேசிட்டேன். தலைக்கனம். என்னய நாலு வசவு வஞ்சிரு."

அவன் திட்டவில்லை. "சரி, அபிப்பிராயத்தச் சொல்லு. உள்ளதச் சொல்லணும், கேட்டியா" என்றான். பின்னால் டீக்கடைக் கூட்டம் நிற்பது அதன் நிசப்தத்திலேயே தெரிந்தது.

"படம் மொதத் தரம். கூட்டத்துல நீ ஒருத்தன்தான் ஆளு மாதிரி இருக்க. ஒரே ஒரு கொறதான்."

"என்ன கொற?"

சொல்லலாமா, கூடாதா என்று ஒரு நிமிஷம் தவித்தேன். இத்தனை நாள் கழித்துப் பேசுகிறான், மறுபடியும் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? ஆனால் உள்ளதைச் சொல் என்று கேட்டுவிட்டான்.

"அத்தன சனமும் தேரப் பாக்கு. நீ மட்டும் திரும்பி நேரா கேமராவப் பாத்துட்டியேலே."

அவன் சிரித்தான்.

"டைரக்டரு மைக்குல நாலு தடவ கத்துனாருலே, எல்லாரும் தேரப் பாருங்க, கேமராவப் பாக்கப்படாதுன்னு. நான் என்ன செய்யட்டும்? அதுக்குள்ள நீதான இருந்து பாக்கப்போற. தேர வருசா வருசம் பாக்கேன். ஒன்னப் பாத்து வருசக்கணக்காச்சுல்லா."